கையில் மிஞ்சியது

வெயில் காக்கும் சன்கிறீமைப் பூசியவுடன் வெளியே விடக்கூடாது, தோல் அதைக் குடித்து முடிக்கும்வரை பிள்ளைகளை நிழலில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காத்திருப்பில்தான் ஆரணி அதைச் சொன்னாள். தொப்பியின் பின்துணி கழுத்தில் தொங்க, பின்கதவுக் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு, முற்றத்துச் சறுக்குமரத்தில் காய்கிற வெயிலுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அன்ரி, என்ர சன்கிறீமுக்குள்ள அம்மா பாதாம் எண்ணெய் விட்டுக் கலக்கினவா. பூசப் பூச நான் வெள்ளையா வருவனாம்." சொல்லிவிட்டுக் கண்ணாடியை நக்கிப் பார்த்தாள். நான்கு வயதுக்காரிக்கு அது ஒரு புதினம், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் பாயில் குந்தியிருந்து துருவன் தன் மரப் புகைவண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். துருவனுக்கு மூன்று வயது. கச்சான், கஜு, பாதாம், கொட்டை வகை எதுவும் அவனுக்கு ஆகாது. ஆகாது என்பதை வயிறு ஒத்துக்கொள்ளாது என்ற பொருளில் சொல்லவில்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைபடும் என்ற பொருளில் சொல்கிறேன். முதலில் ஆரணிக்குப் பூசினேன், அடுத்தது அவனுக்கு. இரண்டுக்கும் நடுவில் என் கையில் ஆரணியின் கிறீம் மிஞ்சியிருந்தது. அந்த மிச்சத்தை நான் என்ன செய்தேன்?

நிதானம். நடந்ததை நடந்தபடி, வரிசை குலையாமல். நான் அளவையியல் என்ற தர்க்கநூல் படித்தவள். யாழ்ப்பாணத்தில் அதைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தவளும்கூட. சிட்னியின் இந்தப் புறநகரில் அந்தப் பட்டத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்பதால், உரிமம் எடுத்து, வீட்டின் முன்னறையை விளையாட்டறையாக்கி, அயலவர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருப்பவள். ஆகவே எடுகூற்றிலிருந்து, அதாவது ஐயமில்லாத முதற்கூற்றிலிருந்து தொடங்குவோம். ஆரணியின் போத்தல் இன்று வழமையைவிட நீர்த்திருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்ததோடு நிற்காமல், காருக்குள் கிடந்து இளகியிருக்கும் என்று ஒரு காரணத்தையும் நானே கண்டுபிடித்து, அந்தக் கவனத்துக்கு அதைக் கையூட்டாகக் கொடுத்து வழியனுப்பிவைத்தேன். நீர்த்திருந்ததால் அமத்தியவுடன் அளவுக்கு மீறி உள்ளங்கையில் கொட்டியது. கொட்டியதில் ஆரணியின் கன்னம், காது, கழுத்து, கை, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் முடிந்தும் ஒரு குளம் மிஞ்சியது. இதுவரை தெளிவாக இருக்கிறது. இதற்குப் பிறகு துருவனின் போத்தல் என் கையில் இருக்கிறது, அவன் தாடையை நான் பிடித்திருக்கிறேன், "கண்ணை மூடு குஞ்சு" என்கிறேன். நடுவில் ஒரு துண்டு இல்லை. கிழித்தெடுத்ததுபோலக்கூட இல்லை, கிழித்திருந்தால் ஓரமாவது பிசிறாக நிற்கும். இது ஓரமும் இல்லாத இன்மை.

போத்தலில் எழுதியிருப்பதை நான் வாசிக்காமல் விட்டவளா? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் போத்தல், தனிப் பை, பையின் மேல் பெயர். புதிதாக எது வந்தாலும் அதன் சேர்மானங்களை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சொல் சொல்லாக வாசிப்பேன். இந்த வீட்டுக்குள் கொட்டை வகை வரக்கூடாது என்று சொல்லி, கச்சான் உருண்டையோடு வந்த ஒரு தாத்தாவைப் படலையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் நான். அவர் இன்றுவரை கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் தூணுக்குத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் போத்தலுக்குள் ஒரு தாய் கைவைப்பாள் என்று எந்தப் போத்தலில் எழுதியிருக்கும்? புற்றுநோய் வராமலிருக்கப் பூசச் சொல்கிறது அரசாங்கம். கறுக்காமலிருக்கப் பூசச் சொல்கிறது எங்கள் சனம். "நல்லாத் தடவி விடுங்கோ அன்ரி, அடுத்த மாசம் மாமான்ர கலியாணம், படத்தில இவள் இருட்டா நிக்கப்போறாள்" என்று போன கிழமை சொன்னாள் ஆரணியின் தாய் பிரதீபா. "அப்ப படப்பிடிகாரனை ரெண்டு லைட் கூடப் போடச் சொல்லும் பிள்ளை" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. கதவை மறித்துக்கொண்டு நின்று, உன் பிள்ளையின் தோலில் ஒரு குறையும் இல்லை, குறை உன் கண்ணில் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயரெடுத்த நான், சொல்லவேண்டிய இடத்தில் ஒரு பகிடியை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் நேரே போய்ப் பாதாம் எண்ணெய் வாங்கியிருக்கிறாள். பாதாம் நிறம் கொடுக்குமாம். யாருக்குக் கொடுத்தது இதுவரை?

கை. கைதான் இங்கே குற்றவாளி, நானல்ல என்று சொல்ல முடியுமானால் எவ்வளவு வசதி. நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். சனிக்கிழமைகளில் அம்மா எங்களை ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக இருத்தி எண்ணெய் வைப்பார். அக்காவின் தலையில் தேய்த்து மிஞ்சியது என் தலைக்கு, என் தலையில் மிஞ்சியது தங்கைக்கு, அதற்கும் மிஞ்சிய பிசுபிசுப்பு அம்மாவின் குதிக்கால் வெடிப்புக்கு. அந்த வீட்டில் உள்ளங்கை எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினவர் ஒருவருமில்லை. கழுவுவது விரயம், விரயம் பாவம். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் பார்த்துப் படித்துக்கொண்டது. கை படித்ததைப் பல்கலைக்கழகம் அழிக்காது. இன்றைக்கும் தோசைமா வழித்த கரண்டியை இன்னொரு தடவை வழிப்பேன். பற்பசைக் குழாயை வெட்டித் திறப்பேன். கிறீம் மிஞ்சினால் என் முழங்கைகளில் தேய்ப்பேன், அங்கே தோல் எப்போதும் காய்ந்து சொரசொரவென்று இருக்கும். முழங்கையில் தேய்த்திருப்பேன். தேய்த்துத்தான் இருப்பேன். அல்லது கழுவியிருப்பேன், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் கை கழுவவேண்டும் என்று தொட்டிக்கு மேலே என் கையெழுத்தில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன், நாளாந்தம் கழுவுகிறேன். அதுதான் சிக்கல். நாளாந்தம் கழுவுவதால் இன்றும் கழுவினதுபோல் இருக்கிறது. எந்த நாளின் தண்ணீர் இது, என் நினைவில் விழுந்துகொண்டிருப்பது? முழங்கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். எலுமிச்சைச் சவர்க்காரம். இரண்டு பிள்ளைகளுக்கும் பூசி முடித்த பிறகு முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டேன், அது மட்டும் பளிச்சென்று நினைவிருக்கிறது. சுத்தக்காரி. இருந்த ஒரே அத்தாட்சியையும் வடிகானுக்குள் விட்டவள்.

இதையெல்லாம் நினைக்கும்போது நான் சும்மா நின்றேன் என்று எண்ண வேண்டாம். நினைப்பு ஒரு பக்கம் ஓட, உடம்பு துருவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடியிருந்தது. சட்டையைக் கழற்றினேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், மணமில்லாத சவர்க்காரம், புதிய துணி. கன்னம், நெற்றி, காதுமடல், கழுத்து. புகைவண்டி பாதையிலேயே நின்றுவிட்ட கோபம் அவனுக்கு. "வேண்டாம்! நோகுது! அன்ரி கூடாது!" என்று குளியலறை ஓடுகள் அதிர அலறினான். அழாதே ராசா, அழாதே, ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே, ஒன்று இருப்பவளின் வேகத்தில் தேய்த்தேன். கழுவிய பிறகுதான் நான் செய்த காரியம் விளங்கியது. தேய்த்ததில் கன்னம் கன்றிவிட்டது. அழுததில் கண் வீங்கிவிட்டது. கத்தியதில் குரல் கம்மிவிட்டது. மூக்கு ஒழுகுகிறது. ஒவ்வாமை வந்தால் என்னென்ன வரும் என்று குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதோ, அத்தனையையும் நானே ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வரைந்துவிட்டேன். இனி எதைக் கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? அந்தத் தாளில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் படம். பால் நிறக் கன்னத்தில் தடிப்புகள் செம்பருத்திபோல் பூத்திருக்கும், தூரத்தில் நின்றே அடையாளம் காணலாம். எங்கள் பிள்ளைகளின் தோலில் சிவப்பு அப்படி எழும்பாது. உள்ளுக்குள் கருகிக் கிடக்கும், விரலால் தடவித்தான் மேடா பள்ளமா என்று பார்க்கவேண்டும். தடவினேன். மேடு இல்லை. தாடையின் கீழ் ஒன்று இருக்கிறது. நேற்றைய நுளம்புக்கடி. நேற்றையதா? நுளம்புதானா?

பாயில் கொண்டுவந்து இருத்தினேன். விம்மி விம்மி அடங்கினான், பிறகு புகைவண்டியை எடுத்தான். ஓட்டவில்லை, கையில் வைத்திருந்தான். ஏன் ஓட்டவில்லை? களைப்பு. களைப்பும் தாளில் இருக்கிறது. வெளியே சில்வண்டுகள் வாள் அறுப்பதுபோல அறுத்துக்கொண்டிருந்தன. இரண்டு பிள்ளைகள்தான் இன்று. மற்றவர்கள் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். நடந்ததைப் பார்த்த சாட்சி இந்த வீட்டில் ஒருத்திதான். நான் அவள் முன்னால் முழந்தாளிட்டேன். "ஆரணி, அன்ரி உமக்குக் கிறீம் பூசினனான்தானே? பூசிப்போட்டு அன்ரி கை கழுவினனானோ?" அவள் என் முகத்தைப் படித்தாள், பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே படிக்கும் பாடம் அது. "ஓம்" என்றாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அளவையியல் விடவில்லை, மறுபக்கமும் கேள் என்றது. "இல்லாட்டி உம்மட கிறீமைத் துருவன்ர கன்னத்தில துடைச்சனானோ?" "ஓம்" என்றாள் அதே குரலில். "ரெண்டும் எப்பிடி ஓம், பிள்ளை? வடிவா யோசிச்சுச் சொல்லும். கழுவினனானோ, துடைச்சனானோ?" அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், தொப்பி நாடாவை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு. பிறகு கேட்டாள்: "எதைச் சொன்னா வெளியில போகலாம், அன்ரி?"

ஒருவரும் என்னை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. எதைச் சொன்னால் வெளியே போகலாம் என்று இவ்வளவு நேரமும் தேடியவள் நான்தான். முழங்கையில் தேய்த்தேன் என்றால் போகலாம். கழுவினேன் என்றால் போகலாம். நினைவைத் தோண்டுவதுபோல் நடித்துக்கொண்டு, தப்பும் வழிக்குச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போதுதான் போனை எடுத்தேன். எடுத்தும் அழுத்தவில்லை. துருவனின் தாய் நிலானியின் பெயர் திரையில் நிற்கிறது. என் பெருவிரல் அதற்கு மேலே, தொடாமல். என்ன சொல்வது? சின்ன விசயம்தான், சும்மா உங்களுக்குத் தெரியப்படுத்த. அவனில் பட்டிருக்கவும் கூடும், படாமல் இருக்கவும் கூடும். பட்டிருக்கவும் கூடுமாம்! காற்று வந்து பூசியதா? வாக்கியத்திலிருந்து என்னை உருவி எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் அனுப்பப் பார்க்கிறேன். இப்படிப் பேசும் அதிகாரிகளைப் பார்த்துக் காறித் துப்பியவள் நான். வீட்டைப் பரிசோதிக்க வரும் அரசாங்கப் பெண்மணிக்கு இது தெரிந்தால் உரிமம் போகும். போகட்டும். போகட்டும் என்று சொல்லும் குரலில் ஒரு நடுக்கம் இருக்கிறது, அதையும் கேட்கிறேன். உரிமம் போனால் இந்தப் பாய், இந்தப் புகைவண்டி, காலையில் கதவு திறந்ததும் என் காலைக் கட்டிக்கொள்ளும் இந்தக் குட்டிக் கைகள் எல்லாம் போகும். அவன் போனால். இல்லை, அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

நிலானி முதல் நாள் வந்தது கண்ணில் நிற்கிறது. பிள்ளையை என்னிடம் விட முன்னம், கைப்பையிலிருந்து ஒவ்வாமைக்குக் குத்தும் ஊசிப் பேனா, காலாவதியானது, ஒன்றையும் ஒரு தோடம்பழத்தையும் எடுத்து என் குசினி மேசையில் வைத்தாள். இந்த ஒவ்வாமையின் பெயரைக் கேட்டதும் எத்தனையோ பராமரிப்பு நிலையங்கள் இடமில்லை என்றுவிட்டன. கெஞ்சிக் களைத்த கண். "குறை நினைக்காதேங்கோ அன்ரி, ஒருக்கா எனக்கு முன்னால குத்திக் காட்டுங்கோ. நீலம் வானத்துக்கு, செம்மஞ்சள் தொடைக்கு." நீல மூடியை இழுத்து, செம்மஞ்சள் முனையைத் தோடம்பழத்தின் இடுப்பில் அழுத்தினேன். டக். எனக்குச் சிரிப்பு வந்தது. "பாவம் தோடம்பழம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அன்ரி, உங்களுக்குக் கை நடுங்கேல்லை. எனக்கு நடுங்கினது. ஒருக்கா இவன் நீலமாப் போய்க் கிடக்கேக்க எனக்குக் கை நடுங்கி மூடியே கழரேல்லை. அதான் கேட்டனான்." போகும்போது அந்தப் பழத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், மருந்து ஏறிய பழத்தைத் தவறியும் ஒரு பிள்ளை தின்னக்கூடாதென்று. ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இந்தக் கிழமைதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். திரையில் அவள் பெயர்மேல் பெருவிரலை வைத்தேன்.

"அன்ரி? துருவன் சாப்பிட்டிட்டானோ?" பின்னால் பல் துருவும் இயந்திரத்தின் கீச்சு. சொன்னேன். ஒரு சொல்லும் சுற்றி வளைக்கவில்லை. "நிலானி, ஆரணியின்ர சன்கிறீமில பாதாம் எண்ணெய் கலந்திருக்கு. எனக்கு இப்பத்தான் தெரியும். அவளுக்குப் பூசின கையால நான் துருவன்ர முகத்தைத் தொட்டிருப்பன். கழுவினனானோ எண்டு எனக்கு ஞாபகம் இல்லை. அவனைக் கழுவிப்போட்டன். அழுது முகம் சிவந்துபோச்சு, எது எதாலயெண்டு என்னால பிரிக்க ஏலாமல் கிடக்கு." இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டேயிருந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், திட்டு ஒரு முடிவு. அவள் கேட்டாள்: "மூச்சு எப்பிடி அன்ரி?" நான் திரும்பினேன். துருவன் இருமினான். ஒன்று. தண்ணீர் புரையேறியிருக்கும், அழுத மூக்குச் சளி இறங்கியிருக்கும். இன்னொன்று. பிறகு நிற்காமல், நாய்க்குட்டி குரைப்பதுபோல, வறண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. புகைவண்டி கையிலிருந்து நழுவியது. "அது அவனோ இருமுறது?" என்றாள் நிலானி. "ஓம். ஆனா அழுததாலயோ தெரியாது, கத்தினவன், அதாலயும்..." "அன்ரி." அந்தக் குரலை முன்பு ஒருபோதும் கேட்டதில்லை. "குளிர்பெட்டியில ஒட்டினதில கடைசி வரி என்ன?" எனக்குப் பாடம். அவன் வந்த நாளிலிருந்து பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும் வரி. சந்தேகமானால் மருந்தைக் கொடு. நிரூபி என்று அதில் இல்லை. கழுவினாயா துடைத்தாயா என்று கண்டுபிடித்துவிட்டு வா என்று அதில் இல்லை. "குத்துங்கோ. இஞ்ச மேசையில வேற போன் கிடக்கு, நான் அம்புலன்சைக் கூப்பிடுறன். போனை வைக்காதேங்கோ."

குசினி மேல்தட்டு. மஞ்சள் பெட்டி, அதற்குள் அவனுடைய ஊசிப் பேனா. அவனைப் பாயில் மல்லாத்தினேன், காற்சட்டையை மேலே சுருட்டினேன். தொடை இவ்வளவுதானா, இரண்டு விரல் சேர்த்தால் அடங்கிவிடும் போலிருக்கிறது, இதற்குள்ளா ஊசி. நீலம் வானத்துக்கு. என் கை நடுங்கியது. சாட்சியங்கள் எல்லாம் அழிந்துபோன இந்தக் காலையில் இது ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது: கை நடுங்குகிறது, மூடி வழுக்குகிறது. "தோடம்பழம் எண்டு நினையுங்கோ அன்ரி" என்றது தரையில் கிடந்த போன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நினைக்க முடியவில்லை. தோடம்பழம் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பல்லால் கடித்து மூடியை இழுத்தேன். செம்மஞ்சள் தொடைக்கு. டக். ஒன்று. இரண்டு. மூன்று. எடுத்தேன். வெளியே சில்வண்டுகள் நின்றுவிட்டனவோ, எனக்குத்தான் காது அடைத்ததோ. அவன் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, திறந்த வாய் அகன்றுகொண்டே போனது, அகன்று, அகன்று, பிறகு இந்த வீட்டுச் சுவரெல்லாம் பிளக்கும்படி ஒரு அலறல். குளியலறையில் எதை நிறுத்து நிறுத்து என்று கெஞ்சினேனோ, அதே அலறல். "அழுறானோ அன்ரி? அழுறானோ?" "அழுறான்." "அழட்டும். அழ விடுங்கோ." அழு ராசா. நல்லாக் கத்து. அழுவதற்கு மூச்சு வேண்டும். ஆரணி கண்ணாடிக் கதவடியிலிருந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். வெளியே போகக் கேட்கவில்லை. அன்றைக்குக் கை கழுவினேனா, துடைத்தேனா, எனக்கு இன்னும் தெரியாது. அவன் கண்ணீரும் மூக்குச் சளியும் என் உள்ளங்கை நிறைய இருந்தன. அதை எங்கும் துடைக்காமல், கையை விரித்தபடியே, சைரனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.